மூன்று வருடப் பூஜ்யம்

நாள் 1,102. காலை 08:10
செவ்வாய், வடமுனைப் பனித்துளை நிலையம். எழுதுவது துளைப் பொறியாளர் பிரம்மநாயகம், வயது 58. ஆழம் 1,940 மீட்டர். உயிர்வாயு சீர். நர்ஸ் செண்பகவல்லி நேற்று மேலே சுற்றும் கலத்துக்குப் போய்விட்டாள். அது ஊர் திரும்புகிறது. இனி இங்கே நான் மட்டும்.

இன்று இரத்தப் பரிசோதனை. ஐந்து வருடம் முன் புற்று வந்த புராஸ்டேட் சுரப்பியை எடுத்துவிட்டார்கள். அது இல்லாத உடம்பில் பி.எஸ்.ஏ. எண் பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். ஏறினால் நோய் திரும்புகிறது என்று பொருள்.

எண்: 0.9.

08:55
மறுபடி வைத்தேன். 0.9. சனியன்!

கலத்திலிருந்து டாக்டர் ஃபரீதா: "மெஷினைக் கழுவிட்டு வைங்க அண்ணாச்சி. மூணு வருஷமா பூஜ்யம் காட்டுனது திடீர்னு இப்படி ஏறாது."

ஏறாதுதான். அந்த மூன்று வருடமும் என் பெயரில் மெஷினுக்குள் போனது செண்பகத்தின் இரத்தம். பெண் உடம்பில் அந்தச் சுரப்பி கிடையாது, எண் ஏறாது. என் எண் ஏறினால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், துளையை இன்னொருத்தன் முடிப்பான் என்று நான்தான் அவளைக் கெஞ்சினேன். பெரிய துளை!

நாள் 1,103. மாலை 17:30
கழுவிய மெஷின், புதுக் குழாய். 1.0.

ஸ்கேன் கேட்டேன். மருந்தை ஏற்றிப் படம் எடுத்தால், நோய் ஒளிந்திருக்கும் இடம் மட்டும் விளக்காக எரியும். இப்போது எடுத்தால் ஒன்றிரண்டு புள்ளியாக இருக்கலாம், கதிரால் சுட்டு அழிக்கலாம். அடுத்த கலம் வர இருபத்தாறு மாதம். அதற்குள் உடம்பு முழுக்கக் கார்த்திகை தீபம்தான்.

ஃபரீதா: "ஸ்கேன் மருந்து ஒரே ஒரு டோஸ்தான் இருக்கு. மெஷின் கோளாறுக்காக உங்கள மேல ஏத்த கேப்டன் சம்மதிக்க மாட்டாரு. நாளைக்குப் பதினோரு மணிக்குக் கெளம்புறோம்."

நாள் 1,104. காலை 10:05
உண்மையைச் சொன்னால் செண்பகத்தின் வேலை போகும். சொல்லாவிட்டால் நான் போவேன். பயமாக இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன்.

10:41
ஃபரீதா: "செண்பகத்தக் கூப்பிட்டுக் கேட்டோம். 'அது அவரு ரத்தந்தான்'னு மக தலைமேல சத்தியம் பண்ணுதா. தனியா இருக்கதால பயந்துட்டீங்க அண்ணாச்சி. கொஞ்சம் தூங்குங்க."

படுபாவி, அந்தச் சத்தியத்தை வாங்கியவனே நான். முதல் குழாயை நிரப்பிய அன்று, "நாளைக்கு எனக்கே புத்தி பேதலிச்சு மாத்திச் சொன்னாலும் நீ மாத்தப்படாது, உன் மக மேல ஆணை" என்றேன். அழுதுகொண்டே சத்தியம் செய்தாள்.

10:52
"செண்பகம், அந்தச் சத்தியத்த நான் விட்டுட்டேன். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. சொல்லிரு தாயி." மூன்று முறை அனுப்பினேன்.

10:58
அவள் குரலே வந்தது: "எனக்கு ஒரே பிள்ள அண்ணாச்சி. மன்னிச்சிருங்க."

11:00
ஜன்னலில் ஒரு வெளிச்சம். நகர்கிறது.

11:20
இதைக் கண்டெடுப்பவருக்கு: பக்கத்தில் ஒரு குழாய் வைத்திருக்கிறேன். பெயர் எழுதியிருக்கிறேன். அது என் இரத்தந்தான். நம்புங்கள். என் இரத்தந்தான், சத்தி... வேண்டாம்.