வெள்ளிக் கேத்திலில் நான் குடிக்காத கோப்பி

அக்கா,

இன்று காலை உங்கள் மகள் அந்த வெள்ளிக் கோப்பிக் கேத்திலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். அமெரிக்கா ஆங்கிலேயரின் கையில் இருந்த காலத்துச் சாமானாம். அங்கே பழம்பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் நூதனசாலை ஒன்றுக்குப் படம் அனுப்பியிருக்கிறாள். அது உங்கள் குடும்பத்துக்கு எப்படி வந்தது, யார் யார் பாவித்தார்கள் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் பதில் எழுத, கண்டாவளையில் ஓய்வுபெற்ற ரீச்சர் நான்தானே இருக்கிறேன்.

'அக்கா' என்று எழுதவே கூசுகிறது. என்னைவிட ஏழு வயது மூத்த உங்களை, நீங்கள் கண்மூடும்வரை 'நீர்' என்றும் 'இஞ்சை வாரும்' என்றும்தான் அழைத்தேன். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பெற்றவர்கள். நீங்கள் மலைநாட்டிலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு வந்து எங்கள் வயலில் கூலிக்கு நின்றவர். எங்கள் குசினிக்குப் பின்னால் உங்களுக்கென்று ஒரு தகரப் பேணி கவிழ்ந்து கிடக்கும். அதில் தேத்தண்ணி குடித்து, நீங்களே கழுவி, நீங்களே கவிழ்த்துவிட்டுப் போவீர்கள். அதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போய், எல்லோரும் சமம் என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். வெட்கம் கெட்டவள் நான்.

ஒருநாள் கேத்திலில் வெட்டியிருந்த எழுத்தை வாசித்துச் சொல்லச்சொல்லி வீட்டுக்குக் கூப்பிட்டீர்கள். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த கோப்பித் தோட்டத்துத் துரைசானி ஊருக்குக் கப்பலேறியபோது, பங்களாவில் வேலைசெய்த உங்கள் பூட்டிக்குக் கொடுத்துவிட்டுப் போனது அது. திருநீறு போட்டுத் துலக்கி வைத்திருந்தீர்கள். பூவேலைப்பாட்டுக்கு நடுவில் ஒரு பெயர். முற்றத்தில் நின்றபடியே வாசித்தேன்.

"ஆரோ ஒரு பொம்பிளையின்ரை பேர்தான்" என்றேன்.

நீங்கள் அதிலிருந்து ஆவி பறக்கக் கோப்பி ஊற்றிப் புதுக்கோப்பை ஒன்றை நீட்டினீர்கள். "ஒங்களுக்குன்னே வாங்குனது டீச்சர். யாரும் வாய் வைக்கல."

"இப்பதான் குடிச்சிட்டு வாறன்."

எங்கள் ஆட்கள் இப்படித்தான் மறுப்பார்கள். அது என்ன மறுப்பு என்று உங்களுக்கும் தெரியும். "பரவாயில்லைங்க" என்று கோப்பையை உள்ளே கொண்டுபோனீர்கள். அதற்குப் பிறகு என்னை ஒருநாளும் கேட்கவில்லை. மறுநாள் வழக்கம்போல வயலுக்கு வந்தீர்கள்.

இன்று மகள் சொல்லச்சொல்ல எழுதினேன். துரைசானி, பூட்டி, நீங்கள் என்று வரிசையாக வந்து முடித்தபோது அவள் கேட்டாள்.

"உங்கடை பேரையும் போடுங்கோ ரீச்சர். நீங்களும் இதிலை குடிச்சனீங்கள்தானே?"

"ஆர் சொன்னது?"

"அம்மாதான். ரீச்சர் எங்கடை வீட்டிலை வந்திருந்து, ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடிச்சவா எண்டு வாறவை போறவைக்கெல்லாம் சொல்லுவா."

என் மானத்தைக் காக்க அப்படிச் சொன்னீர்களா, உங்கள் மானத்தைக் காக்கவா, தெரியவில்லை. பேனா கையில் இருந்தது. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு இனி வராது.

"ஓம் பிள்ளை, குடிச்சனான்" என்றேன். என் பெயரையும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன், அக்கா.