தாங்கியில் நீ நிரப்பிய தண்ணீர்

என் பாசத்துக்குரிய மச்சான்,

உன் கேரவன், அந்த இழுவை வீடு, இன்னும் உங்கள் பிளாட் புஷ் வீட்டு வாசலிலேதான் நிற்கிறது. நேற்று அதைக் கழுவினேன். கூரையில் ஏறவில்லை, பயப்படாதே.

நம் இரண்டு குடும்பமும் கடற்கரைக்குப் புறப்பட இருந்த வாரத்தில்தான் நீ வேலைத்தலத்தில் சரிந்து விழுந்தாய். நெஞ்சு நின்று, அங்கேயே போய்விட்டாய் என்றார்கள். அதற்கு முதல்நாள் பின்னேரம், கேரவனின் தண்ணீர்த் தாங்கியை விளிம்புவரை நிரப்பி வைத்திருந்தாய்.

கடற்கரைக் கூடார முகாமில் குழாய் இருக்கிறது, ஏன் இந்தப் பாரம் என்று என் யூட் பிக்கப்பில் அதை இழுத்துப்போகிற நான் ஒவ்வொரு முறையும் புறுபுறுப்பேன். "உன்ர தங்கச்சியிட்டக் கேள்" என்பாய். பயணம் வெளிக்கிடும்போது வெறுங்குடம் கூடாது என்பது சாந்தியின் சட்டம். ஓக்லாந்திலேயே கேரவனுக்கு நிறைகுடம் வைத்த குடும்பம் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்தத் தண்ணீரைத்தான் அவள் யாரையும் தொட விடவில்லை. கோடை போய் மழையும் தொடங்கிவிட்டது. தேங்கி நின்றால் தாங்கியும் குழாய்களும் பாசி பிடித்துக் கெட்டுப்போகும் என்று நீ சொல்லிச் சொல்லி எனக்கே பாடம். ஆனால் அவளிடம் அதை எந்த வாயால் சொல்வது?

உன் மகள் சொன்னாள். ஒருநாள் அபி உள்ளே போய்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தாள்.

"இட்ஸ் ஜஸ்ட் வாட்டர், மம்."

"அது அப்பா நிரப்பின தண்ணி" என்றாள் சாந்தி. அதற்குப் பிறகு தாயும் மகளும் சில நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நீ இருந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பாய்? இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு கராஜுக்குள் போயிருப்பாய்.

போன சனிக்கிழமை சாந்தியே போன் எடுத்தாள். "அண்ணா, வந்து திறந்து விடுங்கோ. நான் பாக்க மாட்டன்."

போனேன். நீ படுக்கிற அதே பழைய பாயை விரித்துக் கேரவனுக்கு அடியில் படுத்தேன். தாங்கியின் வால்வைத் திருகியதும் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. அபி வாளி வாளியாக ஏந்திக்கொண்டு போய் உன் ஃபீஜோவாப் பழமரத்துக்கு ஊற்றினாள். ஒரு சொட்டும் நிலத்தில் சிந்தாமல் நடந்தாள், மச்சான். 'வெறும் தண்ணி' என்று சொன்ன அதே பிள்ளை.

தாங்கி காலியானது. குழாய்களுக்குள் நிற்கிற தண்ணீருக்குத் தனியாக இரண்டு வால்வு இருக்கிறதே, பச்சைத்தண்ணிக்கு நீலம், சுடுதண்ணிக்குச் சிவப்பு, அதையும் திறந்தேன். கொஞ்சம் வடிந்தது, நின்றுவிட்டது. தட்டினேன், கம்பியால் குத்தினேன். வாய்விட்டு உன்னையும் திட்டினேன். இதை எனக்கு ஏன் நீ சொல்லித் தரவில்லை?

அப்போது வீட்டுக் குசினி யன்னல் திறந்தது.

"அண்ணா, உள்ளுக்குப் பைப்புகளைத் திறந்தனீங்களோ? காத்து உள்ளுக்குப் போகாமல் தண்ணி எப்பிடி இறங்கும்?"

பார்க்க மாட்டேன் என்றவள் வீட்டுச் செருப்போடு வந்தாள். நீ போன பிறகு அவள் கேரவன் படியில் கால் வைத்தது அன்றைக்குத்தான். தலைக்கு மேலே அவள் நடக்கிற சத்தம் கேட்டது. சிங்கில் ஒன்று, குளியலறையில் ஒன்று, பிறகு ஷவர். எப்போதும் அடியில் நீ, உள்ளே அவள். வேலையில் பாதி அவளுடையது என்று எனக்கு இத்தனை காலமும் தெரியவே இல்லை.

"திறந்திட்டன்... வருதோ?"

என் சட்டைக் கையெல்லாம் நனைய இரண்டு வால்வாலும் ஒரேயடியாக ஊற்றியது. அவளுடைய இந்தக் கேள்விக்கு நீ சொல்கிற பதில் எனக்குத் தெரியும். ஒவ்வொரு பயணம் முடிந்தும் யூட்டுக்குள் இருந்தபடி நீ சொல்லக் கேட்டிருக்கிறேன்: "வருது சாந்தி, இனித் தேத்தண்ணி வை."

"வருது" என்றேன். மிச்சத்தைச் சொல்ல முடியவில்லை. அழுதேன் மச்சான், அடியில் கிடந்தபடியே.

 கடைசிச் சொட்டும் நின்றது.

"சரி" என்றாள் சாந்தி. "தேத்தண்ணி வைக்கிறன்."

வருகிற கோடைக்குச் சாந்தியையும் அபியையும் கூட்டிக்கொண்டு, அந்தக் கடற்கரைக்கே போகிறோம். புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் நானே தாங்கியை விளிம்புவரை நிரப்புவேன். பாரம் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். திரும்பி வந்ததும் அடியில் படுத்து, அவள் கேட்கிறபோது, நீ சொன்ன பதிலை முழுதாகச் சொல்வேன்.

உன் சாந்தியின் அண்ணன்,
உனக்கு எப்போதும் மச்சான்,
கண்ணன்