விளம்பரத்தில் இல்லாத பொம்மை

அன்பு,

போலீஸ் ஸ்டேஷன்லேருந்து இன்ஸ்பெக்டர் போன் பண்ணுனாரு. "போர் விமானக் குண்டுகள், எந்த ஊருக்கும் பார்சல் அனுப்பப்படும்"னு நம்ம ஃபேஸ்புக் விளம்பரத்த வாசிச்சுக் காட்டுனாரு. அவர் வாசிக்கக் கேட்டப்ப எனக்கே அது நெசக் குண்டு மாதிரிதான் இருந்துச்சு.

மாடல் விமானத்து றெக்கைக்கு அடியில ஒட்டுற சுண்டுவெரல் சைஸ் சாமான்தான்னு காட்டணும். நாலு குண்ட உன் டிபன் டப்பாவுல எடுத்துட்டுப் போறேன். சங்கரா மீன் கொழம்பு மூடி வச்சிருக்கு, நீ சாப்புட்டுரு.

"பொம்மை"ன்னு போடச் சொல்லி நீ சண்டை போட்ட. வாங்குறவங்க எளக்காரமா நெனப்பாங்கன்னு நாந்தான் அந்த வார்த்தைய எடுத்தேன்.

நிலவழகன்

பி.கு: போன்ல பயத்துல, விளம்பரத்த எழுதுனது என் வீட்டுக்காரின்னு சொல்லிட்டேன். மாத்திச் சொல்லத்தான் ஓடுறேன். அதுக்குள்ள ஜீப் வந்தா கதவத் தொறக்காத.