இரண்டாம் முறை கட்டாத தீர்வை

தகரப் பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாடையோடு உமது சுங்க ரசீது கைக்கு வந்தது. மடிப்புகள் கிழிந்துவிட்டன. ஊதா முத்திரை மட்டும் மங்கவில்லை.

கிள்ளான் ஜவுளிக்கடையில் நாம் கூட்டாளிகளாக இருந்தபோது, இந்தியாவிலிருந்து எவர் துணி வரவழைத்தாலும் சுங்கத் தீர்வையையும் சேர்த்தே விலை சொல்வீர். சரக்கு வந்தபின் கூட்டிக் கேட்க விடமாட்டீர். பண்டமாரானிலிருந்த வாடிக்கைக்கார அக்கா மகளின் கூறைப்புடவைக்கும் அப்படித்தான் சொன்னீர், தீர்வையும் கட்டினீர். பார்சலை எடுப்பதற்குள் ஜப்பான் சண்டை வந்துவிட்டது.

ஜப்பான்காரன் காலத்தில், பார்சல் கிடந்த துறைமுகக் கிட்டங்கி மறுபடி திறந்தது.

"இது பழைய கவர்மெண்டு ரசீது. திரும்பக் கட்டணும்," என்றார் குமாஸ்தா.

"கவர்மெண்டுதான் மாறிச்சு, தம்பி. நான் கட்டினது மாறல," என்றீர்.

திங்கள்தோறும் போய் நின்றீர்.

"என்ன ஓய், திங்கக்கிழமை விரதமா?" என்று கேலி செய்தேன்.

"ஆமா. நீரும் வாரும். கொஞ்சம் புண்ணியம் சேரட்டும்."

நான் பொறுமையிழந்தேன். உமக்குத் தெரியாமல் அக்காவிடம் போய்த் தீர்வை கேட்டேன். அவர் தோடுகளைக் கழற்றித் தந்தார். தெரிந்ததும் அன்றே என்னை அக்கா வீட்டுக்கு நடத்திக் கூட்டிப்போய்த் திருப்பிக் கொடுக்க வைத்தீர்.

"சொன்ன விலைதான் அக்கா. இவருக்கு வெயில்ல மூளை கலங்கிடுச்சு."

அந்தப் பேச்சை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அடுத்த திங்கள் நானும் உம்மோடு வந்தேன். கிட்டங்கி வாசலிலேயே ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்தார்கள். என் நரையைப் பார்த்துத் தள்ளிவிட்டு, உம்மைச் சயாம் ரயில்பாதை வேலைக்கு லோரியில் ஏற்றினார்கள். ரசீதை என் கையில் திணித்தீர்.

"கட்டிடாதீர், ஓய்."

இப்போது வெள்ளைக்காரன் திரும்பிவிட்டான். உமது சாவைச் சொன்னவர், அக்கா மகளுக்குப் பேசிவைத்த மாப்பிள்ளைதான்; அவர் சயாமிலிருந்து பிழைத்து வந்துவிட்டார். தையில் கல்யாணம். பார்சல் இன்னும் கிட்டங்கியில் கிடக்கிறது. மேசையில் அதே குமாஸ்தா.

"பதிவேடு எரிஞ்சிடுச்சு, பெரியவரே. தீர்வை, இடவாடகை ரெண்டும் கட்டணும். புடவை கேட்டவங்ககிட்ட வாங்கிக் கட்டிடுங்க லா."

நான் பள்ளிக்கூடம் போகாதவன். ஆனாலும் ரசீதின் இங்கிலீஷை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்து வைத்திருக்கிறேன். கட்டியாயிற்று என்றுதான் இருக்கிறது.

"எரிஞ்சது உங்க பதிவேடு. என் ரசீது இல்ல," என்றேன். போன திங்களும் சொன்னேன், அதற்கு முந்தின திங்களும் சொன்னேன்.

நாளையும் திங்கள்தான். விரதம் என்று நீரே சிரித்துக்கொள்ளும். ரசீதைச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். பஸ் காசுக்கு மேல் ஒரு காசும் எடுத்துப் போகப்போவதில்லை.