மடியில் அடங்கும் கிட்டார்

1937 ஜூன் 20, ஞாயிறு

கல்யாணமாகிப் பதினாறு நாள். சீர் ஏற்றிவந்த வண்டியில் அண்டா ஏறியது, மெத்தை ஏறியது. என் வீணைக்கு மட்டும் இடமில்லை. ஈரோட்டில் அப்பாவின் ரயில்வே குவார்ட்டர்ஸிலேயே தங்கிவிட்டது. கிட்டார் சேலைகளுக்கு நடுவே ஒளிந்து வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ரயில் கார்டு துரை தன் மகளுக்காகச் செய்வித்த குட்டிக் கிட்டார். அவள் வளர்ந்ததும் எனக்குக் கொடுத்தார்கள். மூன்று வயதுப் பிள்ளை உயரம்தான்.

ஜூன் 27, ஞாயிறு

மத்தியானம் தானியக் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தேன். இதன் குரல் அடுத்த அறைக்குக்கூடப் போவதில்லை. கண்ணை மூடினால் கம்பு வாசனைக்குள் தந்திகள் மிதக்கின்றன. எத்தனை நேரம் போனதென்றே தெரியவில்லை.

அவர் — தங்கசாமி, என் கணவர்; பேரைச் சொல்லத்தான் கூடாது, எழுதலாமே — இன்னும் என்னோடு நாலு வார்த்தை பேசவில்லை. "ம்." "செரி." வேறு எதைக் கேட்டாலும் மாமியார் வள்ளியாத்தாள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுகிறார். என்னைப் பிடிக்கவில்லையா?

ஜூலை 9, வெள்ளி

ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போனால் திரும்பி வரப்போவதில்லை.

ஜூலை 15, வியாழன். ஈரோடு

அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. என் கணவரே வண்டி பூட்டி அழைத்துவந்தார். கிட்டார் என் மடியில். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் தந்திகள் தாமாக முனகின. வழியெல்லாம் அந்த முனகல்தான் பேச்சு.

பள்ளிபாளையத்தில் வண்டியை விட்டுப் பரிசல் ஏறினோம். காவிரியில் செந்தண்ணீர். பரிசல்காரர் சின்னுசாமி, "எந்த ஊருங்க மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

அவர் வாயைத் திறந்தார். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. கழுத்து நரம்பு புடைக்கிறது, சொல் வரவில்லை. முடித்துச் சொல்லப் பக்கத்தில் மாமியார் இல்லை.

அட கடவுளே — திக்குவாய். இதுதானா? என்னைப் பிடிக்காததால் இல்லையா?

என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் இருந்ததை மீட்டினேன். பரிசல் மெல்லச் சுழன்றது. இரண்டு கரையும் எங்களைச் சுற்றி வந்தன. பாதி ஆற்றில் அவர் பாட ஆரம்பித்தார். கிணற்றில் எருது பூட்டித் தண்ணீர் இறைக்கும்போது பாடுகிற பாட்டு. ஒரு சொல் திக்கவில்லை! நான் சுருதியைத் தேடிக்கொண்டு பின்னாலேயே போனேன். சின்னுசாமி துடுப்பை நிறுத்திவிட்டார். கொஞ்ச தூரம் ஆறு இழுத்த பக்கம் போனோம்.

வீணையோடு இந்தப் பரிசலில் ஏறியிருக்க முடியுமா?

கரையில் இறங்கும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பாட்டுன்னா வருது."

ஜூலை 23, வெள்ளி

வீணையைத் துடைத்து வைத்தேன். கை தானாகக் கிட்டாருக்குப் போகிறது. அவர் பாட்டு பாதிதான் பிடிபடுகிறது.

ஆகஸ்ட் 2, திங்கள்

ஆடிப் பதினெட்டு. அவர் விருந்துக்கு வந்தார். அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போய், "திக்குவாயின்னு ஏன் சாமி மறைச்சாங்க? உனக்கு இஷ்டமில்லீன்னா அனுப்ப மாட்டோம்" என்றாள்.

கோபம் எனக்கும்தான். சொல்லியிருக்கலாமே. ஆனால் எதைக் கொண்டு சொல்வார்?

சாப்பிட்டபின் அவர் அப்பாவுக்கு முன்னால் போய் நின்றார். "நா... நா..." அப்பா இரக்கப்பட்டு, "கூட்டீட்டுப் போகோணுங்களா மாப்பிள்ளை?" என்று முடித்து வைக்கப் பார்த்தார்.

"அப்பா, அவரே சொல்லட்டுமுங்க" என்றேன். இவ்வளவு சத்தமாகச் சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை. காத்திருந்தோம்.

"நா...ன் சொல்லாம இருந்தது தப்புங்க. வா...ரதும் வராததும் அவ இஷ்டம்."

"ஆடி முடியட்டுமுங்க, வாரேன்" என்றேன்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

ஊர் திரும்பி நாலு நாள். காலையில் அவர் தண்ணீர் இறைக்கும்போது கிணற்று மேட்டுக்குக் கிட்டாரோடு போகிறேன். ஒரு கையில் சோற்றுத் தூக்குப்போசி, மறு கையில் அது. வரப்பில் நடக்கச் சிரமமே இல்லை. எருதுகள் முன்னும் பின்னும் போகின்றன. அவர் பாடுகிறார், நான் வாசிக்கிறேன். வாய்க்காலில் தண்ணீர் எங்கோ போய்க்கொண்டே இருக்கிறது.

மத்தியானம் பக்கத்துத் தோட்டத்து அர்த்தநாரி வந்து, பருத்தி எப்போது விதைப்பதென்று கேட்டார். மாமியார் வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

அவரே சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் சோறு குழைந்துவிட்டது. யாரும் எழுந்து போகவில்லை.