ஆவுடையம்மாளின் பாலாடை

13-4-88, ஸ்ரீவில்லிபுத்தூர்

பாப்பா பிறந்து நாலு நாள் ஆகிறது. அம்மா வீட்டில்தான் இருக்கிறேன். மூன்று நாளாக எழுதவில்லை. என் மாமியார் ஆவுடையம்மாள் ராஜபாளையத்திலிருந்து வந்து கட்டிலை விட்டு நகராமல் காவல் இருந்தார்கள். எதற்கு? நான் சீம்பாலைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடக் கூடாதே! "மஞ்சப் பாலு ஆகாது, மாந்தம் வரும். பீச்சிக் கொட்டு." கொட்டினேன். பிள்ளைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு வைத்த வெள்ளிப் பாலாடை ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். அதில் சீனித்தண்ணி, பிறகு பசும்பால். "எங்க வீட்டுப் பாலாடை. எம்பிள்ளைக ரெண்டும் இதுலதான் குடிச்சி வளந்துச்சுக."

சம்பந்தியம்மாள் முன்னால் என் அம்மாவுக்கு வாய் கிடையாது.

இன்று முதல்தடவையாக மாரில் போட்டேன். பாப்பா கடித்தாளா உறிஞ்சினாளா தெரியவில்லை. காம்பு வெடித்துவிட்டது.

15-4-88

ரத்தம். பால் கட்டி மார் கல்லாகக் கிடக்கிறது. காய்ச்சல் வேறு. பாப்பா வாய் வைக்கிறாள், இரண்டு இழுப்பு இழுக்கிறாள், விட்டுவிட்டு வீல் என்று கத்துகிறாள். உடனே பாலாடை வந்துவிடுகிறது. அதில் சமர்த்தாகக் குடிக்கிறாள், ராசாத்தி. எனக்கு அந்தப் பாலாடையைச் சம்மட்டியால் அடித்து நசுக்க வேண்டும்போல் இருக்கிறது.

தெருமுனையில் பால்கோவா கிண்டுகிறார்கள். ஊரே பாலில் முங்கிக் கிடக்கிறது. என் பிள்ளைக்குத்தான் இல்லை.

18-4-88

அவரும் அவர் தங்கை பாலம்மாளும் பார்க்க வந்தார்கள். பத்தொன்பது வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை, வாய் மட்டும் எட்டு ஊருக்கு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"பேருல மட்டும் வெள்ளை இருந்து என்ன மதினி? மாருல வேணும்லா!"

என் பேர் வெள்ளைத்தாய். அதற்கு இந்த நக்கல். மாமியார் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான். சிரித்தார். இருக்கட்டும். நான் அங்கே போனதும், மில்லுக்குக் கொண்டுபோகிற தூக்குச்சட்டியில் ஒரு மாசத்துக்கு உப்பு இருக்காது.

ஏட்டி பாலம்மா, உன் பேரில் பால் இருக்கிறது. உன் மடியிலும் ஒருநாள் பிள்ளை கிடக்கும். அன்றைக்கு இதே வார்த்தையை உன் முகத்துக்கு நேரே திருப்பித் தருவேன். மறந்துவிடக் கூடாது என்றுதான் எழுதி வைக்கிறேன்.

22-4-88

மாமியார் ஒரு படி குண்டுமல்லி வாங்கிவந்து மடியில் வைத்தார்கள். மாரில் வைத்துக் கட்டவாம். "பிள்ளைதான் குடிக்கலையே. மூணே நாள்ல வத்திப்போகும், வலியும் போயிரும்."

வலி போய்விடும். அந்த ஒரு சொல்லில் எனக்குக் கை நீண்டுவிட்டது. பொய் சொல்வானேன்? பூவை எடுத்துவிட்டேன். அப்புறம் பாப்பாவைப் பார்த்தேன். கட்டினால் அத்தோடு முடிந்தது, ஆயுசுக்கும் பாலாடைதான் ஜெயித்ததாகிவிடும்.

"நாளைக்குக் கட்டிக்கிடுதேன் அத்தை."

ஒரே ஒரு நாள் கையில் இருக்கிறது.

23-4-88

காய்ச்சலுக்கு ஊசி போடுவதாகச் சொல்லி அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே பரிபூரணம் என்று ஒரு நர்ஸ். என் வயசுதான் இருக்கும், சிடுமூஞ்சி. நான் கொடுப்பதைப் பார்த்ததும் ஒரே அதட்டல்.

"காம்பை மட்டும் வாயில திணிச்சா அது கடிக்கத்தான் செய்யும். நிமிந்து உக்காரு. நீ பிள்ளைகிட்டக் குனியாத, பிள்ளைய உங்கிட்டக் கொண்டா. ஆவுன்னு வாயத் தொறக்கட்டும். ம், இப்ப! காம்பச் சுத்தின கருப்பு முச்சூடும் உள்ள போகணும்."

ஆறு தடவை தப்பு. ஏழாவது தடவை ஊசி குத்தின மாதிரி ஒரு வலி, அப்புறம் இல்லை. இல்லவே இல்லை! குளுக், குளுக் என்று சத்தம். நான் அழுதேன். அம்மாவும் அழுதாள். நர்ஸ் அழவில்லை. "வீட்டுல பாலாடை இருக்கா? கண்ணுல படாம வையி" என்றுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டாள்.

வைத்துவிட்டேன். என் டிரங்குப் பெட்டியில், கூறைச்சேலைக்கு அடியில்.

மல்லிகையை அடுத்த வீட்டு மாட்டுக்குப் போட்டேன். என் பிள்ளைக்குப் பால் கொடுத்த மாடு அது. அதற்கு வற்றட்டும்.

24-4-88

வற்றவில்லை. வழக்கம்போல இரண்டு லிட்டர்.

2-5-88

பிள்ளை மாரில் குடிப்பதைப் பார்த்த மறுநாளே மாமியார் முறைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள், பாலாடையைக் கேட்கக்கூட மறந்து. வலது பக்கம் சமர்த்து. இடது பக்கம் இன்னும் எரிகிறது. ஆனாலும் கன்னம் உப்பிவிட்டது என் ராசாத்திக்கு.

17-7-88, ராஜபாளையம்

புருஷன் வீட்டுக்கு வந்தாயிற்று. வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"பாலாடை எங்கட்டி?"

"காணும் அத்தை. அம்மா வீட்டுல தேடாத இடமில்ல."

இவ்வளவு நல்லாப் பொய் வரும் என்று எனக்கே தெரியாது.

9-4-89, ஸ்ரீவில்லிபுத்தூர்

பாப்பாவுக்கு ஒரு வயசு. பாலாடையை எடுத்துக்கொண்டு பத்தரிடம் போனேன். "பழைய உருப்படிம்மா, உருக்கவா?" என்று இரண்டு தடவை கேட்டார். உருக்குங்க என்றேன். உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். மூக்குதான் முதலில் போனது.

6-11-90, ராஜபாளையம்

பாலம்மாள் பிள்ளை பெற்று மூன்று நாள். ஆண் பிள்ளை. நேற்றுவரைக்கும் சீம்பால் கொட்டல், கரண்டியில் சீனித்தண்ணி. எல்லாம் அதே பாட்டு. இன்று காலை காம்பு வெடித்து, மார் கட்டி, அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுகிறாள். பிள்ளை கத்துகிறது. மாமியார் பரணையெல்லாம் ஏறி மறுபடியும் பாலாடையைத் தேடிவிட்டு, இரவல் வாங்க எதிர்வீட்டுக்குப் போனார்கள்.

இரண்டரை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. சொன்னேன். வாய் நிறையச் சொன்னேன்:

"பேருல மட்டும் பால் இருந்து என்ன பாலம்மா? மாருல வேணும்லா!"

அவள் திருப்பிப் பேசுவாள் என்று நினைத்தேன். "ஆமா மதினி" என்றாள். சீ! இதற்கா காத்திருந்தேன் என்று ஆகிவிட்டது.

எனக்கு வந்த கோபத்தில் அவளை இழுத்து உட்கார வைத்தேன். "நிமிந்து உக்காரு ஏட்டி. குனியாத. பிள்ளைய உங்கிட்டக் கொண்டா." நாலாவது தடவை பிடித்துக்கொண்டான். குளுக்.

மாமியார் இரவல் பாலாடையோடு வாசலில் நின்றார்கள். பிள்ளையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.

"குடுத்த வீட்டுலயே திருப்பிக் குடுத்துட்டு வாங்க அத்தை."

வந்த வழியே திரும்பிப் போனார்கள். அவர்கள் பின்னாலேயே என் மகள், "ஆச்சி, நானும் வாரேன்" என்று கொலுசு குலுங்க ஓடினாள்.

பாலம்மாள் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டாள்:

"மதினி, பாப்பா கொலுசு எம்புட்டு எடை?"

"பாலாடை எம்புட்டோ, அம்புட்டு."

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். கட்டில் ஆடியது. பிள்ளை பிடித்த பிடியை விடவில்லை.