ஊதா ஒளியில் ஆறிய புண்

மின்னல் விழுந்த இடத்தில் எழும் அந்தக் காரமான வாடை இப்போது என் முன்னறையில் நிற்கிறது. மழையைக் காரணம் சொல்ல வழியில்லை. ஜவ்வாது மலை காய்ந்து கிடக்கிறது. மேசைமேல் இருக்கும் பிளாஸ்மா கருவியின் வேலை இது. பறவைகளின் காயங்களை ஆராயும் கல்லூரிக்காரர்கள், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் சும்மா இருக்கக் கூடாதென்று என்னிடம் விட்டுப் போயிருக்கிறார்கள். பேனாவைப் போன்ற முனை; அதில் ஊதா நிறத்தில் ஒரு சுடர். அது சுடாது, புண்ணில் இருக்கும் கிருமியை மட்டும் கொல்லும். நீ இருந்திருந்தால் முதலில் நம்பியிருக்க மாட்டாய், தோழி. பிறகு என் கையிலிருந்து பிடுங்கியிருப்பாய்.

சென்ற மாதம் நெல்லிவாசல்நாட்டு மலைக்கிராமத்திலிருந்து பொன்னி ஒரு சேவலைக் கூடையில் வைத்துக்கொண்டு வந்தாள். பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணி தொடையை எலும்புவரை அறுத்திருந்தது. புழு வேறு. நம் காலத்தில் என்றால் பிழைக்காது என்று தலையை ஆட்டியிருப்போம்.

"சூடு வெக்கிறீங்களாம்மா?" என்று பதறினாள். விரலைச் சுடரில் நீட்டச் சொன்னேன்.

"ஐய, காத்து ஊதற மாதிரி கீது! இதுக்கா இம்மாம் பெரிய பொட்டி?"

ஒருநாள் விட்டு ஒருநாள் கூடையோடு ஜீப் பிடித்து வந்தாள். மூன்றாம் வாரம் புண் மூடிவிட்டது. நாற்பது ஆண்டுகள் களிம்பும் கட்டுமாகத் தோற்ற இடத்தில், புதுத்தோல் இளஞ்சிவப்பாக வளர்ந்திருந்தது. உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். நீ இறந்து இரண்டு ஆண்டுகளாகின்றன என்பது அதன் பிறகுதான் உறைத்தது.

பொன்னி சேவலைத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லவேளைம்மா. போன வருசமே ஆத்தாவுக்கு நேந்து வுட்டது. புண்ணு கீறத ஆத்தா வாங்கமாட்டா. ஆடிக்குள்ள ஆறுமான்னு தவிச்சிட்டிருந்தேன்."

கருவியை அணைக்க மறந்து நின்றேன். அந்தக் காயம்தான் சேவலின் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. அதை நான் ஆற்றிவிட்டேன்.

ஒடுகத்தூர் கால்நடை மருந்தகத்தில் நாம் இருவரும் வேலை பார்த்தபோது, சண்டைச் சேவல் ஒன்றின் இறக்கையைக் கட்ட நீ மறுத்தது நினைவுக்கு வந்தது. "குணமானா என்ன பண்ணுவீங்க?" என்று சொந்தக்காரனைக் கேட்டாய். எந்தப் பிராணி வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பாய். அவன் சிரித்தான். நீ மருத்துவரா, போலீஸா என்று எல்லோர் முன்னாலும் உன்னை ஏசிவிட்டு, கட்டை நானே போட்டேன். அடுத்த சண்டையில் அது செத்தது. நீ கோபப்படவில்லை. தேநீரை என் பக்கம் நகர்த்தி, "உன் கட்டு மட்டும் அவிழவே இல்லையாம்டி" என்றாய். அந்தத் தேநீரை நான் குடிக்கவில்லை.

பொன்னியிடம் வேறு சேவல் வாங்கித் தருகிறேன் என்றேன்.

"சாமிகிட்ட மாத்திப் பேசலாமாம்மா? உங்களுக்கு ஒரு பங்கு வந்துடும், கவலப்படாதீங்க."

சொன்ன வார்த்தை தவறவில்லை. நேற்று மதியம் மந்தாரை இலைப் பொட்டலம் வந்தது. நோய் தீர்த்தவருக்குத் தொடை கொடுப்பது அவர்கள் முறையாம். எந்தத் தொடை என்று தனியே சொல்லியனுப்ப வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தோலில் தழும்பைத் தேடினேன். இல்லை. இவ்வளவு சுத்தமான வேலையை வாழ்நாளில் நான் செய்ததே இல்லை.

சாப்பிட்டேன். வீணாக்க எனக்குத் தெரியாது.

உன்னைப்போல் நான் மாறிவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே. நாளைக்கே ஒருத்தி கூடையோடு வந்தால், முதலில் உன் கேள்வியைக் கேட்க மாட்டேன், புண்ணைத்தான் பார்ப்பேன். கை அப்படித்தான் போகும். ஆனால் நேற்றிலிருந்து அந்தக் கை, தான் எதற்கு வேலை செய்கிறோம் என்று தெரிந்த கை. அந்த இடைஞ்சலை எனக்கு வைத்துவிட்டுப் போனவள் நீ.